கர்துங் லா இறக்கத்தில் பின் பிரேக் பிடிக்கவில்லை, உதவி தேவை

லடாக்கின் லே நகரில் இருக்கிறேன். நேற்று கர்துங் லா கணவாயிலிருந்து (5,359 மீட்டர்) இறங்கும்போது, பாதி வழியில் சைக்கிளின் பின் பிரேக் லீவர் ஹேண்டில்பார் வரை அப்படியே அமுங்கிவிட்டது, வேகம் குறையவே இல்லை. முன் பிரேக்கை வைத்துத்தான் ஓரம்கட்டினேன். இருபது நிமிடம் ஆறவிட்டதும் லீவர் இறுகியது, ஐந்தாறு கிலோமீட்டர் தாண்டியதும் மறுபடி அதே கதை.

29 அங்குலச் சக்கர ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன்), ஹைட்ராலிக் டிஸ்க், மினரல் ஆயில். ரோட்டார் (பிரேக் பிடிக்கும் தட்டு) முன்னால் 180, பின்னால் 160 மில்லிமீட்டர். பைகளோடு மொத்தம் 110 கிலோ. ரெசின் பேட் (பிரேக் கட்டை) கண்ணாடி மாதிரி பளபளத்துக் கிடந்தது, உப்புத்தாளில் தேய்த்துப் பார்த்தேன், அப்புறம் புதுசே போட்டுவிட்டேன். இன்று காலை ஆயிலை மாற்றிக் காற்றையும் எடுத்தாயிற்று. வெளியே வந்தது கறுப்பாக இருந்தது. ஒழுகல் எங்கும் இல்லை. இங்கே லேயிலுள்ள சாந்தி ஸ்தூபா இறக்கத்தில் நன்றாகப் பிடித்தது, ஆனால் அது சின்ன இறக்கம். மெட்டல் பேட் போடலாமென்றால், ரெசின் பேட் மட்டும் என்று ரோட்டாரிலேயே பொறித்திருக்கிறது.

நாலு நாளில் மணாலிக்குக் கிளம்ப வேண்டும். வழியில் தங்லங் லா (5,328 மீட்டர்), கட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகள். இந்த பிரேக்கை நம்பி அங்கே இறங்கப் பயமாக இருக்கிறது.

இவ்வளவு சுமையோடு இந்த வழியில் இறங்கியவர்கள் சொல்லுங்கள்: பின்னால் 180 ரோட்டாரும் மெட்டல் பேடும் மாற்றினால் போதுமா, இல்லை பேடை ரோட்டாரில் அழுத்தும் காலிப்பரையே மாற்ற வேண்டுமா?