மறு: ஸ்ட்ரிங்கருக்கு என்ன சொல்? ‘நெடுஞ்சட்டம்’ என்பதை முன்மொழிகிறேன்

அனைவருக்கும் வணக்கம்.

படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் ‘ஸ்ட்ரிங்கர்’ (stringer) என்ற பாகத்துக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்று இந்த இழையில் வந்த மடல்களையெல்லாம் படித்தேன். சொல்லை முடிவு செய்யும் முன், அந்தப் பொருள் படகுக்குள் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். இப்போது அது என் கண்ணெதிரே திறந்து கிடக்கிறது.

பினாங்கில், பத்து மாவுங் பக்கம் ஒரு பட்டறையில், நண்பரும் நானும் பழைய நீர்ச்சறுக்குப் படகு ஒன்றைச் சீர்செய்து வருகிறோம். பல வருஷம் தார்ப்பாய்க்குக் கீழே கேட்பாரற்றுக் கிடந்தது. எஞ்சின் படகின் நடுவில் இருக்கிறது. அதற்கு முன்னால், சறுக்குபவரின் கயிற்றைக் கட்டும் இழுகம்பம். தளத்தை அறுத்து எடுத்தால் அடியில் நீளவாக்கில் நான்கு மரங்கள், மேலே கண்ணாடியிழை உறை. உள்பக்கத்து இரண்டின் மேல்தான் எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. ஸ்ட்ரிங்கர் என்பது இவைதான்.

உறைக்குள் இருக்கும் மரம் எப்படிக் கெட்டது? எஞ்சினைப் பிடித்திருக்கும் திருகாணித் துளைகள் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கடல் தண்ணீர்தான் படகுக்கு எதிரி என்று பலரும் நினைக்கிறோம். மரத்தை மக்க வைப்பதில் மழைத் தண்ணீர்தான் மோசம். உப்பு பூஞ்சையை ஓரளவு தடுக்கும், மழை தடுக்காது. பினாங்கு மழையும் புழுக்கமும் சேர்ந்து, காற்றோட்டமில்லாத தார்ப்பாயும் மூடிக்கொண்டால் கேட்கவே வேண்டாம். போதாததற்கு, தளத்துக்குக் கீழே மிதப்புக்காக அடைத்திருக்கும் நுரை தண்ணீரைக் குடித்துவிட்டு விடவே மாட்டேன் என்கிறது. சுத்தியல் பிடியால் தட்டினால் நல்ல இடத்தில் ‘டக்’ என்று கேட்கும். மக்கிய இடத்தில் ‘தொப்’ என்று அமுங்கும். எங்கள் படகில் திருகாணிகள் பிடிப்பே இல்லாமல் சும்மா சுற்றின.

மரம் தளர்ந்தால் எஞ்சின் அசையும். எஞ்சினும், தண்ணீருக்குள் இருக்கும் விசிறியைச் சுழற்றும் தண்டும் சேரும் இரு முகங்களுக்கு இடையே உள்ள இடைவெளியில் சுற்றிலும் 0.003 அங்குல வித்தியாசத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வழக்கமான அளவு. தாங்கும் மரமே மக்கியிருந்தால் அந்த நேர்த்தி எப்படி நிற்கும்? ஆக, நமக்கு வேண்டிய சொல்லில் இரண்டு செய்தி இருந்தாக வேண்டும்: நீளவாக்கில் ஓடுவது, பாரம் தாங்குவது.

> ‘நீள்விட்டம்’ எளிமையாக இருக்கிறதே?

ஈப்போ ஐயா, வீட்டு விட்டத்தை நினைத்துச் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைக்கு விட்டம் என்றால் வட்டத்தின் குறுக்களவுதான். நீள்விட்டம் என்றால் நீள்வட்டத்தைத் தேடிப் போய்விடுவான்.

> ‘அடிக்கட்டை’ போதாதா?

மரமாக இருக்கும் வரை போதும். இப்போது வரும் படகுகளில் மரமே இல்லாமல் கண்ணாடியிழையிலேயே வார்த்துவிடுகிறார்கள். அலுமினியப் படகில் அதுவும் அலுமினியம். கட்டை என்று பெயர் வைத்துவிட்டு ‘அலுமினியக் கட்டை’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

> வங்கு என்ற மரபுச் சொல் இருக்கும்போது ‘நெடுவங்கு’ என்று வைத்தால் என்ன?

அக்கா, இதற்குத்தான் நான் அதிகம் யோசித்தேன். ஏரா (படகின் அடி நடுமரம்), வங்கு, அணியம் (படகின் முன்பகுதி) எல்லாம் நம் கப்பல் தச்சர்கள் விட்டுச்சென்ற சொற்கள். அவற்றை விட்டுவிடக் கூடாது என்பதில் உங்களோடு நான் ஒரே பக்கம். ஆனால் வங்கு ஏராவிலிருந்து இருபுறமும் வளைந்து மேலேறும் விலா. இங்கே மலாய்த் தச்சர்கள் அதை காடிங் என்பார்கள்; யானைத் தந்தத்துக்கும் அவர்களிடம் அதே சொல்தான். வளைவுதான் அதன் அடையாளம். நாம் பேசும் பொருளோ குறுக்கே போகாமல் நெடுக ஓடுவது. தவிர, மரப்படகில் இரண்டுமே இருக்கும். ஒன்று வங்கு, மற்றது நெடுவங்கு என்றால், ரம்பம் கையிலிருக்கும் ஆள் எதை அறுப்பது என்று குழம்புவான். வங்கு வங்காகவே இருக்கட்டும்.

அதனால் ‘நெடுஞ்சட்டம்’. ஜன்னல் சட்டம், கட்டில் சட்டம் என்று தச்சுப் பட்டறையில் புழங்கும் சொல். மரம், இரும்பு, கண்ணாடியிழை எதற்கும் பொருந்தும். தாங்கிப் பிடிப்பது என்ற பொருளும் அதிலேயே இருக்கிறது. விமானத்தின் உடல் தகட்டுக்கு உள்ளே நீளவாக்கில் ஓடும் மெல்லிய பட்டைகளுக்கும் ஆங்கிலத்தில் ஸ்ட்ரிங்கர் என்றுதான் பெயர், அங்கேயும் நெடுஞ்சட்டம் ஒத்துவரும். மாடிப்படியின் சாய்வுப் பலகையையும் ஸ்ட்ரிங்கர் என்பார்கள், ஆனால் அதற்கு இது ஒத்துவராது. அதைத் தனியாக வைத்துக்கொள்வோம்.

வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்:

“இடப்பக்க உள் நெடுஞ்சட்டம் மக்கிவிட்டது, எஞ்சினை இறக்கணும்.”

“நெடுஞ்சட்டங்களை ஒரே நேரத்தில் வெட்டி எடுக்காதே. ஒன்றை மாற்றி, எபாக்சிப் பசை இறுகிய பிறகு அடுத்ததைத் தொடு. இல்லையென்றால் படகின் அடி வளைந்துவிடும்.”

பட்டறையில் வேலை செய்யும் தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன். எது என்று கேட்காமல் நேராக அதன் மேல் கையை வைத்தான்.

இன்னொன்று: சிலர் ‘உளுத்த மரம்’ என்று எழுதியிருந்தீர்கள். உளுப்பது பூச்சி அரித்துப் பொடியாவது. இங்கே நடந்தது ஈரத்தில் பூஞ்சை பிடித்தது. இதை ‘மக்கல்’ என்போம். மருந்தும் வேறு, வேலையும் வேறு.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் நெடுஞ்சட்டத்தைப் பட்டியலில் ஏற்றிவிடலாம். அடுத்து, சட்டமும் படகின் அடியும் சேரும் மூலையில் எபாக்சியைக் கெட்டியாகக் குழைத்து வளைவாக இழுத்துப் பூசுகிறோமே, அதற்குச் சொல் வேண்டும். மூலை கூராக இருந்தால் மேலே ஒட்டும் கண்ணாடியிழைத் துணி படியாமல் உள்ளே காற்று நின்றுவிடும். அதற்காகத்தான் இந்தப் பூச்சு. இப்போதைக்கு ‘மூலைப்பூச்சு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். கட்டட வேலை தெரிந்தவர்கள் யாராவது, சுவரும் தரையும் சேரும் இடத்தில் இப்படி வளைத்துப் பூசுவதை உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்களேன்.