பாடல்கள் வழியாகப் பேச்சு ஸ்பானியம்: வெளிநாட்டில் தொழில் தொடங்குபவருக்கு அது எவ்வளவு தூரம் உதவும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தை நடத்தி வருகிறேன். மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் வாடிக்கையாளர்கள் அமைந்துவிட்டதால், அங்கே ஒரு கிளை அலுவலகம் திறக்கும் எண்ணம் இருக்கிறது. ஒப்பந்தங்களையும் சட்டம் சார்ந்த தாள்களையும் மொழிபெயர்ப்பாளர் பார்த்துக்கொள்கிறார். ஆனால் கூட்டம் தொடங்குவதற்கு முன் நடக்கும் நலம் விசாரிப்பிலும், சேர்ந்து உணவருந்தும்போதும், கிடங்குப் பொறுப்பாளரிடம் நேரில் ஒரு விவரத்தைக் கேட்டறியும்போதும் எப்போதும் இன்னொருவர் வாய்வழியாகவே பேச வேண்டியிருப்பது எனக்கு மனநிறைவைத் தரவில்லை. எதிரில் இருப்பவர் என்னைப் பார்க்காமல் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தே பேசுகிறார்.

வகுப்பில் சேர்ந்து படிக்க என் வேலை நேரம் இடம் கொடுக்கவில்லை. கைப்பேசிச் செயலி ஒன்றில் சொற்களைப் பயின்றேன். திரையில் பார்த்தால் புரிகிற சொல், ஒருவர் வாயிலிருந்து வேகமாக வரும்போது அடையாளம் தெரிவதில்லை. பயண நேரத்தில் பாட்டுக் கேட்பது என் வழக்கம் என்பதால், அந்த நேரத்தை ஸ்பானியப் பாடல்களுக்குக் கொடுத்தால் பேச்சு மொழி படியுமா என்று அறிய விரும்புகிறேன். வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தால் போதுமா, அதற்கென்று முறை ஏதேனும் உண்டா? காதல் பாடல்களில் கற்ற மொழியை வணிகப் பேச்சில் எடுத்துப் பேசினால் அது பொருத்தமாக இருக்குமா? இவ்வழியில் உண்மையாகவே கற்றவர்களோ கற்பிப்பவர்களோ விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் மறுமொழி

வணக்கம். நான் பெரியவர்களுக்கு ஸ்பானிய மொழி கற்பிக்கிறேன். மாணவர்களில் தொழில் நடத்துபவர்கள் பலர். பாடல் காதையும் நாவையும் பழக்கும். உரையாடலுக்கு அதற்கு மேல் ஒரு படி தேவை; அந்தப் படியைச் செய்யாதவர்கள் பல பாடல்களை மனப்பாடமாகப் பாடுவார்கள், ஆனால் ஒரு வாக்கியம் பேசத் தயங்குவார்கள். ஆகவே முறை கட்டாயம் வேண்டும்.

பாடிக் கற்பதற்கு ஆய்வு ஆதரவும் உண்டு. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நடந்து, 2014-ஆம் ஆண்டில் ஆய்விதழில் வெளியான ஒரு சோதனையில், 60 பெரியவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, அவர்களுக்கு முன்பின் தெரியாத ஹங்கேரிய மொழித் தொடர்களை 15 நிமிடம் கேட்டுத் திரும்பச் சொல்லப் பயிற்றினார்கள். ஒரு குழு சாதாரணமாகப் பேசிப் பயின்றது, மற்றொன்று தாளத்தோடு சொல்லிப் பயின்றது, மூன்றாவது பாடிப் பயின்றது. பின்னர் நடந்த தேர்வுகளில் பாடிப் பயின்றவர்களே மொத்தத்தில் முன்னணியில் இருந்தார்கள். அங்கே பயன் பெற்றவர்கள் வாய் திறந்து பாடியவர்கள் என்பதைக் கவனியுங்கள். பின்னணியில் ஓடவிட்டு மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருப்பதால் அந்தப் பயன் வராது.

திரையில் தெரிந்த சொல் பேச்சில் தெரியாமல் போவதாகச் சொன்னீர்கள். ஸ்பானியப் பேச்சில் ஒரு சொல்லின் இறுதி உயிரும் அடுத்த சொல்லின் முதல் உயிரும் ஒரே அசையாகக் கலந்துவிடுவதே அதற்குப் பெரிய காரணம். 'மீ அமீகோ எஸ்தா அகீ', அதாவது 'என் நண்பர் இங்கே இருக்கிறார்' என்ற நான்கு சொற்கள் இடைவெளியே இல்லாமல் ஒரே ஓட்டமாக வரும். தமிழிலும் உயிரும் உயிரும் சந்தித்தால் புணர்ச்சி உண்டு. ஆனால் நாம் இடையே யகர, வகர உடம்படுமெய்யைச் சேர்த்து இரண்டு அசைகளையும் காப்பாற்றுகிறோம், அவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். பாடலில் ஒரு அசைக்கு ஒரு சுரம் என்று அமையும்போது இந்தக் கலப்பு தெளிவாகக் கேட்கும். பாடல் வரியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தெந்த இடத்தில் இரு சொற்கள் ஒரு சுரத்தில் விழுகின்றன என்று கோடிட்டுப் பாருங்கள். சில பாடல்களுக்குப் பிறகு பேச்சிலும் சொற்களின் எல்லை புலப்படத் தொடங்கும். பாடல் தருகிற நன்மைகளிலேயே மிகப் பெரியதாக நான் இதைக் கருதுகிறேன்.

தமிழ் பேசுபவருக்கு இன்னும் சில வசதிகள் உண்டு. அவர்களுடைய உயிரொலிகள் ஐந்தே. ஒற்றை ரகரத்துக்கும் உருட்டிச் சொல்லும் ரகரத்துக்கும் பொருள் வேறுபாடு உண்டு என்பது ரகர, றகர வேறுபாட்டை அறிந்த நமக்குப் புதிதாகத் தோன்றாது. வினைமுற்றின் விகுதியே யார் செய்தார் என்பதைச் சொல்லிவிடுவதால் 'நான்', 'நீங்கள்' என்பவற்றை அவர்களும் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பிடிக்கும், வலிக்கிறது போன்றவற்றை 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் தொடங்கிச் சொல்லும் அமைப்பும் அங்கே அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானியத்தை அணுகாமல் தமிழின் வழியாக அணுகினால் பல இடங்கள் எளிதாகும்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. பாடல் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படிக்காதீர்கள். 'பேசோ' என்று நாம் எழுதினால், பணத்தைக் குறிக்கும் சொல்லும் முத்தத்தைக் குறிக்கும் சொல்லும் ஒன்றாகிவிடும். முதலாவதில் ஒலிப்பில்லாத பகரமும் (ஆங்கில p போல) இரண்டாவதில் ஒலிப்புள்ள பகரமும் (ஆங்கில b போல) வருவதை நம் எழுத்து காட்டாது. இங்கே தமிழ் எழுத்தில் நான் தருபவையெல்லாம் அடையாளத்துக்காக மட்டுமே. நீங்கள் ஸ்பானிய எழுத்திலேயே படியுங்கள். அந்த எழுத்து முறை ஒலிப்போடு நன்றாக ஒத்துப்போவதால் சில நாள்களிலேயே பழகிவிடும்.

இனி அந்த அடுத்த படி. பாடல்கள் பெரும்பாலும் 'தூ' என்ற நெருக்கமான முன்னிலையில் எழுதப்பட்டவை. அது நம் 'நீ' போன்றது. வணிகத்தில் தொடக்க அறிமுகத்துக்கு 'உஸ்தெத்' என்ற மரியாதை முன்னிலையே பாதுகாப்பானது. ஆகவே ஒவ்வொரு பாடலிலும் இரண்டு மூன்று வரிகளை எடுத்து அவற்றை உஸ்தெத் வடிவத்துக்கு மாற்றிச் சொல்லுங்கள். 'தீமே' என்றால் 'எனக்குச் சொல்'. அதை 'தீகமே' என்று மாற்றினால் 'சொல்லுங்கள்'. 'எஸ்பேரமே' என்றால் 'எனக்காகக் காத்திரு'. 'எஸ்பேரெமே' என்றால் 'காத்திருங்கள்'. பிறகு அந்த வரியின் அமைப்பை வைத்துக்கொண்டு உங்கள் தொழில் சொற்களை உள்ளே நுழைத்துச் சொல்லுங்கள். 'நீ வர வேண்டும் என்று விரும்புகிறேன்' என்ற வரி எண்ணற்ற பாடல்களில் வரும். அதே அமைப்பில் 'விலைப்பட்டியலை நீங்கள் அனுப்ப வேண்டும் என்று விரும்புகிறேன்' என்று சொல்லலாம். இலக்கணப் புத்தகத்தில் பலரை மிரட்டுகிற வினை வடிவம் அது. பாடலில் கேட்டுப் பழகியவர்களுக்கு அது காதில் ஏற்கெனவே குடியேறியிருக்கும்.

இரண்டாம் மறுமொழி

மேலே ஆசிரியர் எழுதியவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் பாடலின் எல்லைகளைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும் என்று கருதுகிறேன். கொள்முதல் பேச்சுவார்த்தைகளில் ஸ்பானியத்தை நாள்தோறும் பயன்படுத்துபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலாவது, அழுத்தம். ஸ்பானியத்தில் எந்த அசையை அழுத்துகிறோம் என்பது பொருளையே மாற்றும். 'பாகோ' என்று முதல் அசையை அழுத்தினால் 'நான் பணம் செலுத்துகிறேன்'. அதையே இறுதி அசையை அழுத்திச் சொன்னால் 'அவர் செலுத்தினார்'. பணம் யார் கொடுத்தது, இனி யார் கொடுக்க வேண்டும் என்பது இந்த ஒரு அழுத்தத்தில் இருக்கிறது. பாடலிலோ மெட்டின் வசதிக்காக அழுத்தம் சில நேரம் இடம் மாறிவிடும், அல்லது அழுத்தமில்லாத அசை நீண்டு ஒலிக்கும். ஆகவே பாடிய வரியை மெட்டில்லாமல் ஒருமுறை பேச்சாகச் சொல்லிப் பார்ப்பதைத் தவிர்க்கவே கூடாது.

இரண்டாவது, எண்கள். பாடல்களில் எண்கள் மிக அரிது, வணிகத்தில் அவை இல்லாத வாக்கியம் அரிது. அறுபதும் எழுபதும் ஸ்பானியத்தில் நடுவிலுள்ள ஒரே மெய்யொலியால் மட்டும் வேறுபடுகின்றன. தொலைபேசியில் அவற்றைப் பிரித்துக் கேட்பதற்குத் தனிப் பயிற்சி தேவை. 'பில்லோன்' என்ற சொல் அவர்களுக்கு லட்சம் கோடியைக் குறிக்கும். நூறு கோடியை 'ஆயிரம் மில்லியன்' என்றுதான் சொல்வார்கள். கொலம்பியாவில் சாதாரணத் தொகைகளே மில்லியன் பெசோக்களில் வருவதால் இது உங்களுக்கு முதல் வாரத்திலேயே தேவைப்படும். அத்துடன், எழுத்தில் மெக்சிகோ தசமத்துக்குப் புள்ளியையும் கொலம்பியா காற்புள்ளியையும் பயன்படுத்துகின்றன. இரு நாடுகளுக்கும் விலைப்புள்ளி அனுப்புபவர் இதை மனத்தில் வைத்திருக்க வேண்டும். எண்களுக்கு வானொலிச் செய்திகளில் வரும் பொருளாதாரப் பகுதியைக் கேளுங்கள். நாணய மாற்று விகிதம் நாள்தோறும் ஒரே வாய்பாட்டில் வருவதால் சில வாரங்களில் காது பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, வட்டாரம். 20 நாடுகளில் ஆட்சிமொழியாக இருக்கும் ஒரு மொழியில், எந்த ஊர்ப் பாடலை எடுக்கிறோம் என்பது முக்கியம். கரீபியப் பகுதி இசையில் அசையின் இறுதியிலுள்ள சகரம் மெலிந்து மறையும். சொற்கள் பாதியில் வெட்டப்படும். புவேர்த்தோ ரிக்கோவில் வளர்ந்து இன்று உலகமெங்கும் ஒலிக்கும் ரெகேத்தோன் பாடல்களை இளைஞர்கள் விரும்பலாம். ஆனால் தொடக்க நிலையில் இருப்பவர் அதைப் பின்பற்றிப் பேசினால் அலுவலகக் கூட்டத்தில் அது இடம் தெரியாத பேச்சாக ஒலிக்கும். அர்ஜென்டினாவின் தாங்கோ இசை அழகானது. எனினும் அதில் புவெனோஸ் ஐரெஸ் நகரத்துக்கே உரிய கொச்சைச் சொற்கள் நிறைய, 'தூ' என்பதற்குப் பதிலாக 'வோஸ்' என்ற வேறு முன்னிலையும் வரும். அந்நாட்டோடு தொழில் செய்யாத ஒருவர் அதில் தொடங்க வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. எண்களைப் பற்றி எழுதியது என் வேலைக்கு நேரடியாகப் பயன்படும். அப்படியானால் மெக்சிகோவுக்கும் கொலம்பியாவுக்கும் பொருத்தமாக எந்த வகைப் பாடல்களில் தொடங்கலாம்? ஒரு பாடலோடு எவ்வளவு காலம் இருக்க வேண்டும்? வண்டி ஓட்டும்போது வரிகளைப் பார்க்க இயலாது என்பதையும் கருத்தில் கொண்டு சொல்ல வேண்டுகிறேன்.

முதல் மறுமொழி எழுதியவர்

பொலேரோவில் தொடங்குங்கள் என்று தயக்கமின்றிச் சொல்வேன். கியூபாவில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றி மெக்சிகோவில் வேரூன்றிய இசை வடிவம் அது. 2023-இல் யுனெஸ்கோ அதை இவ்விரு நாடுகளின் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. நடை மெதுவானது, உச்சரிப்பு தெளிவானது, சொற்கள் பொதுவானவை. ஸ்பானிய அமெரிக்கா முழுவதிலும் மூத்த தலைமுறையினர் பலர் அந்தப் பாடல்களை அறிவார்கள் என்பதால் பேச்சைத் தொடங்கவும் அது உதவும். அடுத்து மெக்சிகோவின் ரஞ்செரா என்ற நாட்டுப்புறப் பாணிப் பாடல்கள். கொலம்பியாவுக்கு வாயெனாத்தோ உண்டு: அக்கார்டியன் முன்னிற்க, கதை சொல்வது போல நடக்கும் கரீபியக் கடற்கரைப் பகுதி இசை. கதையாக இருப்பதால் இறந்தகால வினைகள் இயல்பாகப் படியும். ஆனால் அதில் கடற்கரை உச்சரிப்பு இருக்கும். உங்கள் வாடிக்கையாளர் தலைநகர் போகொதாவில் இருந்தால் அவருடைய பேச்சு இதைவிட நிறுத்தமாகவும், பெரும்பாலும் உஸ்தெத் கலந்ததாகவும் இருக்கும்.

ஒரு வாரத்துக்கு ஒரு பாடல் போதும், அதுவும் மூன்று நான்கு நிமிடப் பாடலாக இருக்கட்டும். வாரத்தின் தொடக்கத்தில் ஒருமுறை மேசையில் அமர்ந்து வரிகளின் பொருளைப் பார்த்து, உஸ்தெத்துக்கு மாற்றவேண்டிய வரிகளைக் குறித்து வைத்துவிட்டால், மற்ற நாள்களில் தாள் தேவைப்படாது. வண்டியில் பாடகரோடு சேர்ந்து, அவருக்கு அரை நொடி பின்னால், மெல்லிய குரலில் பாடிக்கொண்டே செல்லுங்கள். பிடிபடாத இடத்தை முணுமுணுத்துக் கடந்து செல்லலாம், நிறுத்திப் பின்னோக்கிப் போக வேண்டாம். இறங்கிய பிறகு மாற்றிய வரிகளைப் பேச்சாகச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள்.

வாரத்தில் ஒருமுறையாவது, அரை மணி நேரமானாலும், ஸ்பானியம் பேசும் ஒருவரோடு இணையவழியில் பேசுவது இன்றியமையாதது. அவரிடம் அந்த வாரப் பாடலைப் பற்றியே பேசுங்கள்: கதை என்ன, எந்த வரி பிடித்தது, இந்த வரியை ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லலாமா கூடாதா என்று கேளுங்கள். பாடலில் வராத, ஆனால் உரையாடலைக் காப்பாற்றுகிற தொடர்களையும் அவரிடமே பழகிக்கொள்ளுங்கள். 'மெதுவாகச் சொல்லுங்கள்', 'இதை மீண்டும் சொல்ல முடியுமா', 'நான் சரியாகப் புரிந்துகொண்டேனா' என்பவை இல்லாமல் எந்தப் பேச்சும் ஒரு நிமிடத்துக்கு மேல் நகராது. மெக்சிகோவில் சரியாகக் கேட்காதபோது 'மாந்தே' என்று பணிவாகக் கேட்பார்கள். அது உங்களுக்கும் உதவும்.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஸ்பானியத்துக்காகத் தன் அலுவலர்களை 24 முதல் 30 வாரங்கள் முழுநேர வகுப்பில் அமர்த்துகிறது. பயண நேரப் பாடல்களை வைத்து அந்த அளவை எட்ட இயலாது. நலம் விசாரித்தல், நன்றி சொல்லுதல், சரக்கு வந்ததா என்று கேட்டறிதல் ஆகியவற்றை இலக்காக வைத்தால், சில மாதங்களில் மொழிபெயர்ப்பாளர் அருகில் இருக்கும்போதே நீங்கள் நேராகப் பேசத் தொடங்கிவிடலாம். விலை, கெடு, முன்பணம் ஆகியவற்றைப் பேசும் கட்டம் வந்ததும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

இரண்டாம் மறுமொழி எழுதியவர்

ஒன்றைச் சேர்க்கிறேன். ஸ்பெயினில் அன்றாடம் பயன்படும் சில சொற்கள் மெக்சிகோவில் ஆபாசமாகக் கருதப்படும். 'எடுத்தல்' என்ற பொருளில் ஸ்பெயினில் வழங்கும் 'கொஹேர்' அதற்கு நன்கு அறியப்பட்ட சான்று. உங்கள் பாடற்பட்டியலில் ஸ்பெயின் பாடகர்களும் இருந்தால், அங்கிருந்து எடுக்கும் வினைச்சொற்களை மெக்சிகோவைச் சேர்ந்த பயிற்சித் துணையிடம் ஒருமுறை சரிபார்த்த பின்னரே கூட்டத்தில் பயன்படுத்துங்கள்.