தெரபி அறையில் பட அட்டை கொடுத்துக் கேட்கிறாள், வீட்டிலும் வகுப்பிலும் கேட்பதில்லை: இலக்கை எப்படி எழுதுவது?

வணக்கம். நான்கு வயதுப் பெண் குழந்தை, ஆட்டிசம், பேச்சு இன்னும் வரவில்லை. அவளுக்கென்று எழுதிய தனிநபர் பயிற்சித் திட்டத்தில் உள்ள இலக்கு: "வேண்டியதைப் பட அட்டை கொடுத்துக் கேட்பாள், 5 வாய்ப்பில் 4 முறை." தெரபி அறையில் மூன்று மாதத்தில் எட்டிவிட்டாள். வீட்டிலும் பாலர் வகுப்பிலும் அட்டையைத் தொடுவதே இல்லை. பெரியவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறாள், பொருள் கிடைக்காவிட்டால் தரையில் படுத்து அழுகிறாள்.

அதே அட்டைகளை இரண்டு இடத்துக்கும் கொடுத்தாயிற்று. அட்டைப் புத்தகம் அவள் கைக்கெட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. பிடித்த பொருட்களை மூடிபோட்ட டப்பாவில் கண்ணில் படும்படி வைத்தும் பார்த்தோம்.

தெரபி அறையில் எடுத்த வீடியோவில் ஒன்று தெரிந்தது. தெரபிஸ்ட் உள்ளங்கையை நீட்டிய பிறகுதான் அட்டையை எடுக்கிறாள். அந்தத் தூண்டுதல் பதிவுத்தாளில் எங்குமே குறிக்கப்படவில்லை. ஆக, 4/5 என்பது தானாகக் கேட்டதன் கணக்கே அல்ல. இப்போது கை நீட்டாமல் 5 நொடி காத்திருந்து, பின்னாலிருந்து இன்னொருவர் அவள் கையை அட்டைக்குக் கொண்டுபோகிறார். பலன் தெரிகிறது. ஆனால் வகுப்பில் அந்த இரண்டாவது ஆள் கிடையாது. வீட்டில் அம்மா கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறார். அவரிடம் தினமும் எண்ணிக் குறிக்கச் சொல்வது நியாயமில்லை.

அடுத்த மாதம் திட்ட மறுஆய்வு. ஒரே பெரியவர் இருக்கும் இடத்தில், சிற்றுண்டி, விளையாட்டு போன்ற அன்றாட வேளைகளிலேயே அளக்கும்படி இந்த இலக்கை எப்படித் திருத்தி எழுதலாம்?