தண்ணிக்கு ரோட்டுல உக்காந்த கேஸும் என் என்ரோல்மென்ட்டும்

2017-ல காலேஜ் படிக்கறப்போ எங்க தெருவுக்கு மூணு வாரமா தண்ணி வரலன்னு காலிக்குடத்தோட ரோட்டுல உக்காந்தோம். பிடிச்சுட்டுப் போய் கல்யாண மண்டபத்துல வெச்சிருந்து சாயங்காலம் விட்டுட்டாங்க, ஆனா எல்லார் மேலயும் அப்போ இருந்த ஐ.பி.சி. (இந்திய தண்டனைச் சட்டம்) 143 (சட்டவிரோதமாக் கூடுறது), 188 (அதிகாரி போட்ட உத்தரவ மீறுறது) பிரிவுகள்ல எஃப்.ஐ.ஆர். போட்டுட்டாங்க, அதுக்கப்புறம் சம்மன் எதுவும் வராததால நான் சுத்தமா மறந்தே போயிட்டேன்.

லா முடிச்சு, வக்கீலாப் பதிவு பண்ற என்ரோல்மென்ட் ஃபார்ம் நிரப்பறப்போ, உங்க மேல கிரிமினல் கேஸ் இருக்கான்னு கேள்வி. கூடப் படிச்சவன் "இல்லன்னு போட்று மாப்ள, அதெல்லாம் ஒரு கேஸா"ன்னான். மனசு கேக்காம சீனியர் வக்கீல்ட்ட போனேன். அவர் அட்வகேட்ஸ் ஆக்ட்ட எடுத்து 26-வது பிரிவுல விரல வெச்சு படிக்கச் சொன்னார், முக்கியமான விஷயத்த மறைச்சுப் பதிவு பண்ணிருந்தா பின்னாடி பார் கவுன்சில் ஆஃப் இந்தியா வக்கீல் பட்டியல்லருந்து பேரையே எடுத்துடலாம். "தம்பி, கேஸ நான் பாத்துக்கறேன், நீ பொய் மட்டும் எழுதிடாத"ன்னார்.

அப்புறம் 24ஏ காட்டினார். ஒழுக்கக்கேடான குற்றத்துல தண்டனை ஆனவங்களுக்கும், தீண்டாமைக் குற்றத்துல தண்டனை ஆனவங்களுக்கும், ஒழுக்கக்கேடான குற்றச்சாட்டுல அரசு வேலையிலருந்து நீக்கப்பட்டவங்களுக்கும்தான் அது தடை, அதுவும் விடுதலையாகியோ வேலைய விட்டு நீக்கியோ ரெண்டு வருஷம் போனா தடை தீந்துரும். குற்றவாளின்னு முடிவானாலும் நன்னடத்தைச் சட்டத்துல விட்டவங்களுக்கு அந்தத் தடையே கிடையாது. என்னோடது தண்டனையே இல்லாத கேஸ்தான், ஆனாலும் பெண்டிங்ல இருக்கறவரைக்கும் இழுக்கத்தான் செய்யும்னு சொல்லிட்டார்.

அதே மாதிரி போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு ஏட்டய்யா வீட்டுக்கு வந்தார். காபி கொண்டுவந்த அம்மா, "உங்க பையன் மேல கேஸ் இருக்குல்ல"ன்னு அவர் கேட்டதும் டம்ளரைக் குடுக்காம கையிலயே வெச்சுட்டு நின்னாங்க. அந்த முகம் இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு.

கேஸ ரத்து பண்ணச் சொல்லி ஹைகோர்ட் மதுரை பெஞ்ச்ல, அப்போ இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482-வது பிரிவுல மனு போட்டோம். 188-க்கு போலீஸ் தானா எஃப்.ஐ.ஆர். போடமுடியாது, உத்தரவு போட்ட அதிகாரி கோர்ட்டுக்கு எழுத்துல புகார் குடுக்கணும்னு 2018-ல ஜீவானந்தம் கேஸ்ல அதே பெஞ்ச் சொன்ன தீர்ப்பு எங்களுக்குக் கைகொடுத்துச்சு, வன்முறை எதுவும் இல்லாததால 143-ம் நிக்கல. கேஸ் குவாஷ் ஆச்சு, அதாவது ரத்தாச்சு.

ஆர்டர் காப்பிய ஃபார்மோட வெச்சுக் குடுத்தேன், என் பேட்ச் பசங்களுக்கு எட்டு மாசம் பின்னாடி கவுன் போட்டேன். இதே நிலைமையில இருக்கறவங்க முதல்ல எஃப்.ஐ.ஆர். காப்பி எடுத்து என்ன பிரிவுன்னு பாருங்க, ஃபார்ம்ல உள்ளத அப்படியே எழுதுங்க. அந்த வருஷம் என்கூட ரோட்டுல உக்காந்த பக்கத்து வீட்டுத் தம்பி இப்போ லா ரெண்டாவது வருஷம், அவனுக்கும் சேத்துதான் அந்த ஆர்டர் வாங்கினோம்.