லயத்துப் பலகையை விறகாக்க வேண்டாம்

செல்வி அக்கா: புது வீட்டில் குடியேறிவிட்டோம். 7 பேர்ச் காணி, முன்னால் கறிவேப்பிலை நடவும் இடம் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான பழைய லயக் காம்பிராவை அடுத்த வாரம் உடைக்கிறார்கள். கதவு, ஜன்னல், கூரை மரம் எல்லாவற்றையும் விறகுக்குக் கேட்கிறார்கள். கொடுத்துவிடட்டுமா?

ரவி (கொழும்பு): வேண்டாம் அக்கா! இங்கே கடைகளில் பழைய பலகை மேசைக்கு நல்ல மவுசு. மழையும் வெயிலும் பட்டுச் சாம்பல் நிறமான பலகையைத் தேடி வாங்குகிறார்கள்.

பெரியப்பா: செல்வி, ஒரு துண்டுகூட வெளியே போகக் கூடாது. அந்தக் கதவு உன் தாத்தா காலத்தது. இத்தனை வருடம் காய்ந்த மரம் புது மரம் மாதிரி முறுக்கிக்கொள்ளாது. மொரட்டுவயிலிருந்து புதிதாக வரும் மேசைக்கு இருக்கும் மினுமினுப்பு இதற்கு இருக்காது. ஆனால் நம் ஆட்கள் திறந்து மூடிய கைத்தேய்மானம் அதில் இருக்கிறதே, அதை எந்தத் தச்சு பாஸ் செய்து தருவான்?

செல்வி அக்கா: சரி பெரியப்பா. எதிலிருந்து தொடங்குவது?

பெரியப்பா: முதலில் ஆணி. கண்ணுக்குத் தெரியாதவை உள்ளே முறிந்து கிடக்கும். பழைய ரேடியோ ஸ்பீக்கர் காந்தத்தைப் பலகை முழுக்க ஓட்டிப் பார். ஒன்றை விட்டாலும் வாளின் பல் போய்விடும். பிறகு பலகையைத் தரையில் தட்டு. மா மாதிரித் தூள் கொட்டினால் உள்ளே வண்டு இன்னும் உயிரோடு இருக்கலாம், அதை வீட்டுக்குள் கொண்டுவராதே. நல்லவற்றை இஸ்தோப்பில் (முன் வராந்தாவில்), இடையிடையே குச்சி வைத்து அடுக்கு. நம் ஊர்ப் பனியில் ஊறிய பலகைக்குக் காற்று வேண்டும்.

சித்தி: கதவில் பச்சைப் பெயின்ட் இருக்கிறதே, சுரண்டிவிடலாமா?

பெரியப்பா: உலர்வாகச் சுரண்டவே கூடாது. பெயின்டில் ஈயத்துக்கு இங்கே கட்டுப்பாடு வந்தது 2013இல்தான். இது அதற்கு எவ்வளவோ முந்தியது. தண்ணீர் தெளித்து ஈரத்தோடு சுரண்டி, வழித்ததைக் கூட்டிக் கட்டிவிடு. பிள்ளைகள் பக்கத்தில் வரவேண்டாம். பெயின்ட் படாத பலகையில் இழைப்புளி போடாதே. அந்தச் சாம்பல் நிறம் ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இல்லை, ஒரே இழைப்பில் போய்விடும். ரேகை ஓடும் பக்கமாக பிரஷ் போட்டாலே போதும்.

ரவி (கொழும்பு): கால்களுக்குப் பழைய ரயில் சிலிப்பர் கட்டை போடலாமா?

பெரியப்பா: வேண்டவே வேண்டாம். அதில் தார் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், சாப்பிடும் இடத்துக்கு ஆகாது. மலையில் பிடுங்கிப்போட்ட பழைய விதைத் தேயிலைத் தூர் இருந்தால் கேட்டு எடுங்கள். தண்டு வெட்டி நட்டு வளர்த்த வீ.பி. தேயிலைக்கு ஆணிவேர் கிடையாது, விதைத் தேயிலைக்கு உண்டு. அந்த முறுக்கேறிய தூரைக் கவிழ்த்து வைத்தால் அதுவே ஒரு சின்ன மேசைக்குக் கால். நிழலில் மெதுவாகக் காய வேண்டும். வெயிலில் போட்டால் வெடித்துவிடும்.

ரவி (கொழும்பு): நான் லின்சீட் எண்ணெய் வாங்கி வருகிறேன்.

பெரியப்பா: வாங்கி வா. ஆனால் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதே, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடு, இல்லையென்றால் தண்ணீரில் முக்கிவை.

சித்தி: ஜன்னல் சட்டம் எனக்கு. முகம் பார்க்கும் கண்ணாடி போடப் போகிறேன்.

செல்வி அக்கா: ஜன்னல் உங்களுக்குத்தான் சித்தி. கதவு எங்கள் சாப்பாட்டு மேசைக்கு. விறகு கேட்டவரிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன்.