கோழியைப் பத்தி மட்டும் எழுதினா கட்டுரை ஆகாதா?

ரேடியல்ரோடு ராமு:
சென்னை பெருங்குடியில இருக்கேன். ஞாயித்துக்கிழமை காலையில ரேடியல் ரோட்டோரமா நின்னு பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைப் பார்க்கிறது ரெண்டு வருஷப் பழக்கம். முதுகுப்பக்கம் லாரி புழுதியடிச்சுட்டே இருக்கும். போன மாசம் நீலத்தாழைக்கோழிங்கிற ஒரு நீர்ப்பறவை, கோரைத் தண்டை அலகால பிடுங்கி, நாம முருங்கைக்காயைப் பிடிக்கிற மாதிரி ஒத்தைக் காலால பிடிச்சுக்கிட்டு, உள்ளே வெள்ளையா இருக்கிற சோத்தை மட்டும் தின்னுச்சு. அதை ரெண்டு பக்கம் எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். "சதுப்புநிலம் அழியுதுன்னு ஆரம்பிங்க, 2022ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, சேர்ந்ததைப் போடுங்க, கோழி ஒரு வரி போதும்"னு பதில் வந்துச்சு. கோழியை எடுத்துட்டா என்கிட்ட வேற என்ன சார் இருக்கு? தமிழ்ல இந்த மாதிரி எழுதினவங்க யாரு?

மாம்பலம் மாமா:
மா. கிருஷ்ணனைப் படியுங்கள் தம்பி. மெட்ராஸ்காரர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் பிள்ளை. ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-இல் ஆரம்பித்த பத்தியை 1996-இல் சாகும்வரை எழுதினார். அவரிடம் யானைக்கும் காக்காய்க்கும் ஒரே மரியாதை. அது இங்கிலீஷ். தமிழ்க் கட்டுரைகளை தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். பாஸ்கரனும் தபால் துறையில் பெரிய அதிகாரியாக இருந்துகொண்டே எழுதியவர்தான். ஆபீஸ் வேலை என்று சாக்குச் சொல்ல வழியில்லை!

ஆமைநடை அகிலா:
நான் பேர்ல சறுக்கினவ. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் ராத்திரி ஆமை முட்டை தேடி நடப்போம். மாணவர்கள் 1988லிருந்து நடத்துற வேலை. நோட்டு பூரா 'ஆலிவ் ரிட்லி'ன்னு எழுதி வச்சிருந்தேன். வலை பிரிச்சிட்டிருந்த ஒரு அண்ணன் எட்டிப் பார்த்துட்டு, "பங்குனி ஆமைன்னு எழுதும்மா"ன்னாரு. எப்போ கரையேறும்னு நான் மூணு வரி எழுதியிருந்தேன், அதையும் அடிச்சுட்டேன். உங்க கோழிக்கு அந்த ஊர்ல என்ன பேருன்னு விசாரிச்சீங்களா?

கள்ளப்பருந்து:
பத்திரிகைக்காரர் சொன்னதும் முழுசா தப்பில்ல ப்ரோ. நீங்க நிக்கிற இடத்துலேருந்து பெருங்குடி குப்பைமேடு தெரியும், அதுவும் சதுப்புநிலத்து மேல கொட்டினதுதான். அதுக்கு மேல பருந்து சுத்துறதையும் எழுதுங்க. கோழியை ஏன் எடுக்கணும்? கோழி தலையைத் தூக்கினா மேடு தெரியப்போகுது.

ரேடியல்ரோடு ராமு:
நன்றி. நேத்து போனேன், கோழியைக் காணோம். உரிச்சுப் போட்ட தண்டு நாலஞ்சு மிதந்துச்சு. அகிலா மேடம் சொன்னீங்களேன்னு பக்கத்து டீக்கடைப் பெரியவர்கிட்ட, போன்ல இருந்த படத்தைக் காட்டி இதுக்கு என்ன பேருன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பார்த்தார். "கோழிதான்"னார்.