கிறீமில் போடும் இமல்சிஃபையர் தோலுக்குக் கூடாதா?

உப்புவெளிக்காரி:
திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். தேங்காய் எண்ணெயும் கற்றாழையும் போட்டு வீட்டில் கிறீம் செய்து தெரிந்தவர்களுக்கும் கொடுக்கிறேன். எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்க பாமசியில் வாங்கிய இமல்சிஃபையிங் வாக்ஸ் சேர்க்கிறேன். அது கெமிக்கல், தேன்மெழுகே போதும் என்கிறாள் மச்சாள். அக்காவின் மகனுக்குக் கரப்பன் இருக்கிறது, அவனுக்கும் பூசலாமா?

கடலோரம்:
தேன்மெழுகு தனியே தண்ணீரைப் பிடித்து வைக்காது. பழைய கோல்ட் கிறீம்களில் (cold cream) போராக்ஸும், அதாவது வெங்காரமும், சேர்த்தார்கள், மெழுகில் உள்ள அமிலமும் அதுவும் சேர்ந்து ஒருவகைச் சோப்பாக மாறும், அதுதான் இரண்டையும் பிணைத்தது. வெறும் மெழுகு என்றால் எங்கள் ஊர் மத்தியான வெயிலுக்கு போத்தல் ஓரத்தில் தண்ணீர் முத்து முத்தாகக் கசிந்து நிற்கும். கெமிக்கல் என்பதற்காகப் பயப்பட வேண்டாம், எந்த வாக்ஸ் என்று பாருங்கள்.

மூதூர் அக்கா:
தங்கச்சி, பிள்ளைக்குப் பூச வேண்டாம். பெட்டியில் பி.பி. (BP, பிரித்தானிய மருந்துத் தரநூல்) என்று இருந்தால் அந்த மெழுகில் பத்தில் ஒரு பங்கு சோடியம் லோரில் சல்பேட், அதாவது ஷாம்பூவில் நுரைக்குப் போடுவது. இதே மெழுகில் செய்யும், வறண்ட தோலுக்குப் பூசும் அக்குவஸ் கிறீம், கரப்பன் உள்ளவர்களுக்கு, முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, எரிச்சல் தரலாம் என்று பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமே 2013இல் எச்சரித்தது. அவனுக்கு வெறும் வெள்ளை வாஸ்லின் பூசுங்கள், அதில் தண்ணீர் இல்லை, அதனால் இமல்சிஃபையரும் தேவையில்லை. டொக்டரிடமும் ஒருமுறை காட்டுங்கள். நல்ல தோல் உள்ள பெரியவர்களுக்கு அந்த மெழுகு பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆனாலும் மற்றவர்களுக்குக் கொடுப்பதென்றால் சல்பேட் இல்லாத கிளிசரில் ஸ்டியரேட் கலவை, ஒலிவ் எண்ணெயில் இருந்து எடுக்கும் செட்டியரில் ஒலிவேட் கலவை மாதிரி ஒன்றுக்கு மாறுவது நல்லது.

கடலோரம்:
எனக்கு இமல்சிஃபையரை விடப் பெரிய பயம், பிரிசர்வேட்டிவ், அதாவது கிருமி வளராமல் தடுப்பது, போடுகிறீர்களா என்பதுதான். கற்றாழையும் தண்ணீரும் உள்ள கிறீமில் கிருமியும் பூஞ்சணமும் வளரும், மணமும் நிறமும் மாறாமலே வளரும். விட்டமின் ஈ எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் பார்க்குமே தவிர கிருமியைத் தடுக்காது. பிரிஜ்ஜில் வைத்தாலும் சில நாள்தான்.

உப்புவெளிக்காரி:
விட்டமின் ஈ மட்டும்தான் போடுகிறேன். பெட்டியிலும் பி.பி. என்றுதான் இருக்கிறது. பிள்ளைக்குப் பூச மாட்டேன். அப்போ பிரிசர்வேட்டிவாக எதைப் போடுவது, எப்போது?

கடலோரம்:
பினொக்ஸிஎத்தனோல், ஐரோப்பாவில் அனுமதித்த உச்சம் 1 சதவீதம். தனியே அது பூஞ்சணத்துக்கு அவ்வளவு வலுவில்லை, எதில்ஹெக்சில்கிளிசரின் கலந்து விற்பதை வாங்குங்கள். எண்ணெயையும் தண்ணீரையும் தனித்தனியே 70 பாகைக்குச் சூடாக்கிக் கலந்து, கைவிடாமல் கிண்டி, 40 பாகைக்குக் கீழே ஆறிய பிறகு சேருங்கள். கண்ணளவு வேண்டாம், சின்னத் தராசில் நிறுத்துப் போடுங்கள். இப்போது கொடுத்து வைத்திருப்பதைத் திருப்பி வாங்கிவிடுங்கள்.